பாதி மாத்திரை

மாமிக்கு முகம் வீங்கியபோது, தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயமே சந்தோஷப்பட்டது. "வெள்ளையம்மா நல்லாத் தேறிட்டா" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேசிக்கொண்டார்கள். வாழ்நாள் முழுக்கக் கன்னம் ஒட்டிக் கிடந்த மனுஷி, அறுபத்தொன்பது வயதில் கன்னம் உப்பி, முகம் வட்டமாகி வாசலில் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் அப்படித் தோன்றாது? மருமகள் நன்றாகக் கவனிக்கிறாள் என்று எனக்கும் பெயர் கிடைத்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கிடைக்காத பெயர். நானும் மறுக்கவில்லை. வீக்கம் மருந்தால் வந்தது என்று எத்தனை பேருக்கு நின்று விளக்கம் சொல்வது?

தலைவலியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. காதுக்கு மேலே, நெற்றி ஓரத்தில். கொழுந்துக் கூடையை நாங்கள் முதுகில் போட்டாலும் அதன் கயிறு தலையில்தான் மாட்டியிருக்கும். துணியை மடித்து வைத்து அதன் மேல் கயிறு. காலமெல்லாம் அப்படிச் சுமந்த தலை வலித்தால் லயத்தில் அதற்குக் கயிற்று வலி என்று பெயர். மாமி தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டிக்கொண்டு வேலையை விட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் பழைய கயிறு இப்போதுதான் வேலையைக் காட்டுகிறது என்றார்கள். கோடாலித் தைலம் தேய்த்தோம். தலையில் சீப்பு பட்டாலே மாமி கையைத் தட்டிவிட்டார்.

அடுத்து தாடை. வெற்றிலையை வாயில் போட்டு நாலு மெல்லு மென்றதும் தாடை கடுத்து நின்றுவிடும். சற்று ஓய்ந்தால் வலி போய்விடும், மறுபடி மென்றால் வந்துவிடும். எங்கள் மாமி சோறு இல்லாமல் இருப்பார், வெற்றிலை இல்லாமல் இருக்க மாட்டார். பல்லில்தான் கோளாறு என்று யட்டியாந்தோட்டை டவுனுக்குக் கூட்டிப்போய்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினோம். பல் போனது. வலி போகவில்லை.

ஒரு நாள் காலை, வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரத்தில் மாமி கேட்டார்: "விஜயா, கதவ ஏம்புள்ள சாத்துன?"

கதவு திறந்துதான் கிடந்தது. ஒரு கண்ணில் இருட்டுத் திரை விழுந்து, கொஞ்ச நேரத்தில் விலகியது. அன்றைக்குத்தான் நான் பயந்தேன். த்ரீவீலர் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே இருந்த பெண் டாக்டர், நாங்கள் சொல்கிற டாக்டர் நோனா, வயதில் என்னைவிடச் சின்னவர். சிங்களத்தில்தான் பேசினார். எங்களுக்கு அதில் ஒன்றும் கஷ்டமில்லை, இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் இல்லை. மாமியின் நெற்றி ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். தடவினால் கையில் தட்டுப்படுகிற அளவுக்கு ஒரு நரம்பு புடைத்திருந்தது. இரத்தக் குழாய் வீங்கும் நோய், வயதானவர்களுக்கு வருவது, அதிலும் வெள்ளைக்காரர்களுக்குத்தான் கூடுதலாக வரும், நம் நாட்டில் அபூர்வம் என்றார்.

"தொரமாரு எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போனானுங்க, இத மட்டும் வுட்டுட்டுப் போயிட்டானுங்க" என்றார் மாமி தமிழில். எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. என்னை மட்டும் தனியாக நிறுத்திச் சொன்னார்.

கண் போவது ஒரு ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து இதயத்துக்கு. இந்த வயதில் இந்த நோய் வந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மற்றவர்களைவிட அதிகமாக வரும். இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய குழாயே உப்பி, ஒரு நாள் கிழிந்தும் போகலாம். இப்போது எழுதித் தருகிற இந்த வெள்ளை மாத்திரைதான் அந்த வீக்கத்தை அமுக்கி வைக்கும். இதே மாத்திரை பிரஷரையும் இரத்தத்தில் சீனியையும் ஏற்றவும் செய்யும், அதற்கு வேறு மாத்திரைகள் இருக்கின்றன. "நாங்க கொறைக்கச் சொல்ற வரைக்கும் ஒரு மாத்திரையும் கொறையக் கூடாது. கொறைஞ்சா உங்க மாமியாருக்கு நான் பொறுப்பில்ல" என்று விரலை நீட்டிச் சொன்னார். அதை அப்படியே கொழும்பில் கடையில் வேலை செய்யும் என் புருஷன் கிருஷ்ணகுமாருக்குப் போனில் ஒப்பித்தேன். "நீ பாத்துக்க விஜயா" என்றார். பார்த்துக்கொள்ள வேறு யார் இருந்தார்கள்?

மாத்திரை வேலை செய்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டே நாளில் மாமி தலை சீவிக் கொண்டை போட்டார். வெற்றிலை மென்றார். தலைவலி போனதோடு தோள்வலி, இடுப்பு வலி, காலையில் எழும்பும்போது இருக்கும் கடுப்பு எல்லாம் சொல்லிக்கொள்ளாமல் ஓடிவிட்டன. பிரஷர் மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் போட்டால் உடம்புக்கு ஒன்றும் தெரிவதில்லை. இந்த வெள்ளை மாத்திரை மட்டும் பேசியது. "இதுதாம்புள்ள மருந்து. மத்ததெல்லாம் சும்மா எண்ணிக்கைக்கு" என்பார். நான் சண்டை போட்டு எல்லாவற்றையும் விழுங்க வைப்பேன்.

இங்கே மருதாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துக் காம்பரா, சுவருக்கு அந்தப் பக்கத்து அறை. முறைக்கு எனக்குச் சின்னம்மா, நேரில் அப்படித்தான் கூப்பிடுவேன். இங்கே வெறும் மருதாயி என்று எழுதுகிறேன், என்னால் இப்போது அவ்வளவுதான் முடிகிறது. மாமியைவிட இளையவள், இன்னும் பேர் வெட்டாமல் வேலையில் இருக்கிறவள். தனிக்கட்டை. முழங்கால் இரண்டும் போய், விரல்கள் மடங்காமல், மலையில் ஏறும்போது தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள்.

கொழுந்து எடுக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குறித்த கிலோ எடுத்தால்தான் அன்றைக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, விழும். குறைந்தால் அரைப்பேர். யாருக்காவது கூடை நிறையாது என்று தெரிந்தால், நிறுவைக்கு முன் பக்கத்து நிரையில் நிற்பவள் தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் கூடையில் போட்டுவிடுவாள். கங்காணி பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். கேட்டு வாங்குவதும் இல்லை, நன்றி சொல்வதும் இல்லை. மாமி என் புருஷனை வயிற்றில் வைத்துக்கொண்டு மலையேறிய காலத்தில், சின்னப் பெண்ணாக இருந்த மருதாயிதான் பக்கத்து நிரை. எத்தனையோ நாள் மாமிக்குப் பேர் விழ வைத்தவள் அவள்தான் என்று மாமியே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மழைக்காலம் பிறந்தபோது மாமிக்குத் தலைவலி திரும்பி வந்தது. வாயால் சொல்லவில்லை. ஆனால் கொண்டையை அவிழ்த்துவிட்டார், சீப்பைத் தொடவில்லை. வெற்றிலைப் பெட்டி மூடியே கிடந்தது. கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். இரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு, வீக்கம் மறுபடி ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டார். போடுகிறார் என்றேன். டாக்டர் யோசித்து மருந்தைக் கூட்டி எழுதினார்.

மாமி வயிற்றுக்குள் போகாத மாத்திரைகள் எங்கே போயின என்று அடுத்த மாதம்தான் கண்டுபிடித்தேன். அன்றைக்குக் காலையில் வேலைக்குப் புறப்பட்டவள், இடுப்பில் கட்டிக்கொள்ளும் படங்கை மறந்து திரும்பி வந்தேன். வாசலில் மருதாயி நிற்கிறாள். மாமி அவளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிறார். வழக்கம்தான். வெற்றிலைக்குள் பாக்கோடு வெள்ளையாக என்னவோ இருந்தது. சுண்ணாம்பு அவ்வளவு உருண்டையாக இருக்காது.

மருதாயி போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் பின்பக்கத்தைப் பார்த்தேன். மேட்டில் ஏறிய நடையில் நொண்டல் இல்லை.

"எத்தன நாளா மாமி?"

"என்னா எத்தன நாளா?"

"மாத்திரைய அவுங்களுக்குக் குடுக்கிறது."

மாமி பொய் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. பொய் சொல்லியிருந்தால் தப்பு என்று தெரிந்து செய்தார் என்றாவது ஆகியிருக்கும்.

"பாதிதான் புள்ள குடுக்கிறேன். பாதி நான் போட்டுக்கிறேன்ல? அவளுக்குத் தெனம் அரைப்பேருதான் வுழுந்துச்சு. கங்காணி பேரையே வெட்டப் போறேன்னுட்டான். பேர வெட்டிட்டா ஒத்தையா நிக்கிறவ எங்க போவா? இப்பப் பாரு, எல்லாருக்கும் முன்னாடி மேட்டுல நிக்கிறா."

"டாக்டர் என்னா சொன்னாங்க? ஒண்ணுகூட கொறையக் கூடாதுன்னு சொன்னாங்களா இல்லையா? ஒங்க நெஞ்சுக்குள்ள இருக்கிற கொழாய் கிழிஞ்சிரும்னு சொன்னாங்க மாமி. இது கொழுந்து இல்ல, அள்ளிப் போடுறதுக்கு."

"எனக்குத்தான் ரெட்டிப்பா எழுதியிருக்காங்களே."

"நீங்க பாதிய அங்கிட்டு குடுத்ததாலதான் ரெட்டிப்பா எழுதினாங்க."

கத்திவிட்டேன். பக்கத்துக் காம்பராக்களில் காதுகள் திறந்திருக்கும் என்று தெரியும், அப்படியும் கத்தினேன். மருதாயியிடம் இப்போதே போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"அவகிட்ட சொல்லாத விஜயா. மிச்சம்னு சொல்லித்தான் குடுத்திருக்கேன். தெரிஞ்சா அவ செத்துப் போயிருவா. இனிமே குடுக்கல. முடிஞ்சிருச்சுன்னு சொல்லிர்றேன். எம் மவன் மேல சத்தியம்."

மகன் மேல் சத்தியம் செய்தால் நான் வேறென்ன செய்வது? அவர் எனக்குப் புருஷன். அவளிடம் சொல்வதில்லை என்று நானும் வாக்குக் கொடுத்தேன். ஆனால் அன்றிலிருந்து மாத்திரை எல்லாம் என் பொறுப்பு. பையை என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். காலையில் தேத்தண்ணியோடு நானே எடுத்துக் கையில் கொடுப்பேன். மாமி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டு, தேத்தண்ணி குடித்து, ஒரு வெற்றிலையை மடித்து வாயில் அடக்கிக்கொள்வார். அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் புறப்படுவேன். தலைவலி போய்விட்டதா என்றால், போய்விட்டது என்பார். கொண்டையும் போட்டுக்கொண்டார். அதை நம்பினேன். பிறகு யோசித்துப் பார்த்தால், சீப்பு பட்டபோது அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தது ஞாபகம் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடாமல் மழை. மாமி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். "விஜயா" என்று ஒரு கூப்பாடு. வந்து பார்த்தால் கீரை தரையில் கிடக்கிறது, மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நெஞ்சில் ஆரம்பித்து முதுகுக்குப் போகிறதாம். "துணிய கிழிக்கிற மாதிரி இருக்கு புள்ள" என்றார். முகம் முழுக்க வேர்வை.

தோட்டத்து லொறி அன்றைக்கு ஓடாது. த்ரீவீலர் மேலே வர மறுத்தது, பாதை மண் சரிந்து கிடந்தது. கம்பளியில் போட்டு நாலு பேர் ரப்பர் மலை வழியாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முன்பக்கம் பிடித்தவர்களில் மருதாயியும் ஒருத்தி. முழங்கால் செத்துப்போனவள், வழுக்குப் பாதையில் ஆண்பிள்ளை மாதிரி இறங்கினாள். அதைப் பார்த்து அன்றைக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மாமி ஆஸ்பத்திரி வாசல்வரை என் மடியில் பேசிக்கொண்டுதான் வந்தார். அடுப்பை அணைத்தேனா என்று கேட்டார். வார்டுக்குள் கொண்டுபோன பிறகு பேசவில்லை. அந்த டாக்டர் நோனாவே வந்து சொன்னார். பெரிய குழாய் கிழிந்துவிட்டது, கொழும்புக்கு அனுப்பவும் நேரமில்லை.

"மாத்திரைய ஒழுங்காப் போட்டாங்களா?" என்று கேட்டார்.

"என் கையாலதான் குடுத்தேன். தெனமும். பாத்துக்கிட்டு நின்னேன்."

டாக்டர் தலையை ஆட்டினார். ஒழுங்காகப் போட்டாலும் சிலருக்கு இப்படி ஆகும், உங்கள் மேல் பிழையில்லை என்றார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் கருமாதி வரை நடமாடினேன். புருஷன் வந்தார், மொட்டை போட்டார், அழுதார், காரியம் முடிந்த மறுநாள் கொழும்புக்குப் பஸ் ஏறினார்.

அவர் போன அன்றைக்கு மருதாயி வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. சேலை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"கேக்கிறதுக்கே கூச்சமா இருக்கு விஜயா. அக்காவோட மாத்திரை மிச்சம் இருந்தா ரெண்டு குடுக்கிறியா? இங்கயிருந்து வாங்கினது முடிஞ்சதுலயிருந்து எந்திரிக்க முடியல. தல சுத்துது. நேத்து பீலிக்கரையில வுழுந்துட்டேன்."

"அது முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சே" என்றேன்.

"ரெண்டு மாசமா? இல்லியே. அக்கா போறதுக்கு மொத நாளுகூட குடுத்துச்சே. நீ வேலைக்கு எறங்கினதும் கூப்பிட்டுக் குடுக்கும். கொஞ்சம் ஈரமா இருக்கும். நான் எதுவும் கேக்கல."

எனக்குப் புரிந்தது. நான் பார்க்க வாயில் போட்டது, வெற்றிலையோடு கன்னத்தில் அடக்கியது, நான் படியிறங்கியதும் வெளியே எடுத்தது எல்லாம். எங்கள் வீட்டுக்காரர் மேல் செய்த சத்தியமும் அந்தக் கன்னத்தோடு போயிற்று. மாமியின் உயிரைத் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்க வந்திருக்கிறாய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவளை ஒழுங்காகப் பார்த்தேன். கன்னம் உப்பி, முகம் வட்டமாகி இருந்தது. துக்கத்தில் அழுத வீக்கம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மாமிக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. மறுநாள் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். சொல்லாமல் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிரஷர் பார்த்தார்கள், சீனி பார்த்தார்கள், முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். டாக்டர் நோனா என்னைப் பார்த்து, "கவுத துன்னே?" என்றார். யார் கொடுத்தது?

"நான்தான்" என்றேன். "மாமியோட மாத்திரைல மிச்சம் இருந்துச்சு."

"மிச்சமா?" டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அவங்களுக்கு எழுதினதுல எப்படி மிச்சம் வரும்? அதுல கொறைஞ்சதாலதான் அந்த அம்மா செத்துப் போனாங்க. இது புரியுதா உங்களுக்கு?"

எல்லாம் சிங்களத்தில். மருதாயிக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் வரும்.

பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். யட்டியாந்தோட்டையில் இறங்கியதும், கடைகளுக்கு முன்னால், அத்தனை ஆட்களுக்கு நடுவில் கேட்டாள்.

"நீ குடுக்கலியே விஜயா."

"இல்ல."

"அக்கா மிச்சம்னுதான் சொல்லிச்சு."

"தெரியும்."

நான் ஆறுதல் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாதுதானே சின்னம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது, சொல்ல மனசு வரவில்லை.

டாக்டர் அவளுக்கும் அதே வெள்ளை மாத்திரைதான் எழுதியிருந்தார். இத்தனை மாதம் தின்ற உடம்பு அதைச் சட்டென்று விட்டால் விழுந்துவிடுமாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டுமாம். மருதாயி அதைத் தொட மாட்டேன் என்றாள். இரண்டு நாள் பட்டினி கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பாயிலிருந்து எழும்ப முடியாமல் வாந்தி எடுத்துக் கிடக்கிறாள்.

"அது அக்காவோட உசிரு விஜயா. அத எப்பிடி நான் முழுங்குவேன்?"

"முழுங்கித்தான் ஆகணும்" என்றேன். "நீங்களும் செத்தா அவுங்க எதுக்குச் செத்தாங்க?"

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகுமுன் மருதாயியின் காம்பராவுக்குப் போகிறேன். கையில் மாத்திரையைக் கொடுத்துத் தேத்தண்ணி கொடுக்கிறேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். நாக்கைத் தூக்கச் சொல்கிறேன், கன்னத்தை விரலால் இழுத்துப் பார்க்கிறேன். அவள் அழுதுகொண்டே காட்டுகிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

மாமியை ஒரு நாளும் வாயைத் திறக்கச் சொன்னதில்லை. மாமியாரிடம் அப்படிக் கேட்கிற வழக்கம் எங்களில் இல்லை.